ரிசர்வ் வங்கி அறிவிப்பு நாளில் பங்குச்சந்தை: ஏற்ற இறக்கத்தை அளப்பது, கையாள்வது - முழுமையான வழிகாட்டி

2023 ஆகஸ்ட் 10 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனின் வட்டியை, தொடவே இல்லை. 6.50 சதவீதம் அப்படியே நீடித்தது. சந்தை எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனாலும் வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி சரிந்தது. 2023 மே 19-க்கும் ஜூலை 28-க்கும் இடையில் வங்கிகளில் கூடிய டெபாசிட்டில் 10 சதவீதத்தைக் ரிசர்வ் வங்கியிடம் கூடுதல் ரொக்கக் கையிருப்பாக ஒதுக்கச் சொன்ன, அறிக்கையின் ஒரு பத்திதான் காரணம். அந்தப் பணத்துக்கு வங்கிகளுக்கு வட்டி கிடையாது.

இதற்கு நேர்மாறான நாள் 2020 மார்ச் 27. அன்று ரெப்போ வட்டி ஒரேயடியாக 75 அடிப்படைப் புள்ளிகள் (ஒரு புள்ளி என்பது 0.01 சதவீதம்) குறைந்து 4.40 சதவீதமானது. வங்கிகள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கான ரொக்கக் கையிருப்பு விகிதமும் 1 சதவீதப் புள்ளி இறங்கியது. அதைவிடப் பெரிய நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் காலையில் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் ஏறியிருந்த சென்செக்ஸ், மாலையில் 131 புள்ளிகள் இறக்கத்தில் முடிந்தது.

வட்டி ஏறியதா இறங்கியதா என்பதை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டு நாட்களும் புரியாது. சந்தையை உலுக்குவது, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளியை முன்கூட்டியே எப்படி அளப்பது, அறிவிப்பு வரும் நிமிடங்களில் எதை எந்த வரிசையில் படிப்பது, பணத்தை எப்படிக் காப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது

பணக்கொள்கைக் குழுவில் ஆறு பேர். மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் வெளியாட்கள். 2016 அக்டோபரில் முதன்முதலாகக் கூடிய இந்தக் குழு இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாக்கு சமமாகப் பிரிந்தால் ஆளுநரின் கூடுதல் வாக்கு முடிவு செய்யும். பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரு பக்கமும் 2 சதவீத இடைவெளிக்குள் வைத்திருப்பதே குழுவுக்குத் தரப்பட்ட இலக்கு.

கூட்டம் மூன்று நாள் நடக்கும். மூன்றாம் நாள் காலை 10 மணிக்கு ஆளுநர் பேசத் தொடங்குவார். 12 மணிக்குச் செய்தியாளர் சந்திப்பு. பதினான்காம் நாள் கூட்டக் குறிப்புகள் வெளிவரும். நிதியாண்டின் எல்லாத் தேதிகளையும் ரிசர்வ் வங்கி முன்பே வெளியிட்டுவிடும். காலண்டரில் இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்: 10 மணி, 12 மணி, பதினான்காம் நாள். முதல் மணிநேரத்தில் நடந்ததை 12 மணிக்கு வரும் ஒரு பதில் புரட்டிப் போட்ட நாட்கள் உண்டு.

பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நிஃப்டியின் வார ஆப்ஷன்கள், அதாவது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள், 2025 செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை முடிகின்றன. பேங்க் நிஃப்டிக்கு 2024 நவம்பருக்குப் பிறகு வார எக்ஸ்பயரி (ஒப்பந்தம் முடியும் நாள்) கிடையாது, மாத எக்ஸ்பயரி மட்டும்தான். இதே வாரத்தில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் கூட்டமோ, சில்லறைப் பணவீக்கப் புள்ளிவிவரமோ வந்தால், ஆப்ஷன் விலையில் தெரியும் பதற்றம் முழுவதையும் ரிசர்வ் வங்கியின் கணக்கில் எழுதக் கூடாது.

படி 2: சந்தை எதை எதிர்பார்க்கிறது என்று கண்டுபிடிப்பது

பொருளாதார வல்லுநர்களின் கருத்துக்கணிப்பு முதல் இடம், ஆனால் பலவீனமான இடம். கணிப்பில் சொல்பவர் பணம் போடுவதில்லை. பணம் போட்டவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கடன் சந்தையில்தான் பார்க்க முடியும்.

அரசு 91 நாளுக்குக் கடன் வாங்கும் பத்திரமான கருவூல பில்லின் வட்டியை ரெப்போ வட்டியோடு ஒப்பிடுங்கள். பில் வட்டி ரெப்போவுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால், வட்டிக் குறைப்பு ஏற்கெனவே விலையில் ஏறியிருக்கலாம். கையில் பணம் மிதமிஞ்சிப் புழங்கினாலும் பில் வட்டி இறங்கும் என்பதால், அதே நாளில் வங்கிகளுக்கிடையிலான ஒருநாள் கடன் வட்டி எங்கே நிற்கிறது என்பதையும் சரிபார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி தன் தளத்தில் தினமும் வெளியிடும் பணச்சந்தை அறிக்கையில் அது இருக்கும். ஓராண்டு வட்டி ஸ்வாப் (மாறும் வட்டியை நிலையான வட்டியோடு மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) விகிதம் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வட்டி எந்தப் பக்கம் போகும் என்ற மொத்தக் கணிப்பும் அதற்குள் அடங்கியிருக்கும்.

அடுத்து பங்குகள். கூட்டத்துக்கு முந்தைய பத்து வர்த்தக நாட்களில் பேங்க் நிஃப்டி, ரியல்டி, ஆட்டோ குறியீடுகள் நிஃப்டியைவிட எவ்வளவு கூடுதலாக ஏறின என்று பாருங்கள். வட்டிக் குறைப்பை நம்பி ஏற்கெனவே 4, 5 சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தால், குறைப்பு வந்தாலும் விற்பனை வரலாம். 2015 மார்ச் 4 இதற்கு நல்ல பாடம். கூட்டம் இல்லாத நாளில், சந்தை திறக்கும் முன்பே வட்டிக் குறைப்பு வந்தது. சென்செக்ஸ் முதன்முறையாக 30,000-ஐயும் நிஃப்டி 9,000-ஐயும் தொட்டன. அன்று மாலையே இரண்டும் இறக்கத்தில் முடிந்தன.

இத்தனையும் பார்த்தபின் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: சந்தை எதிர்பார்க்கும் வட்டி, எதிர்பார்க்கும் நிலைப்பாடு (வட்டி இனி எந்தப் பக்கம் போகும் என்று ரிசர்வ் வங்கி தரும் குறிப்பு), எதிர்பார்க்கும் பணப்புழக்க நடவடிக்கை. அறிவிப்பு வந்தபின் எழுதினால், வந்ததைத்தான் எதிர்பார்த்தோம் என்று மனம் நம்பிவிடும். முந்தைய நாள் இரவே எழுதி முடியுங்கள்.

படி 3: எவ்வளவு ஆட்டம் வரும் என்று கணக்கிடுவது

இந்தியா விக்ஸை அப்படியே பார்த்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். விக்ஸ், நிஃப்டி ஆப்ஷன்களின் விலையிலிருந்து அடுத்த 30 நாட்களின் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு ஆண்டு விகிதமாகச் சொல்கிறது. ஒரு நாளுக்கு எவ்வளவு என்று அறிய அதை 16-ஆல் வகுக்கலாம், ஏனென்றால் ஆண்டின் சுமார் 252 வர்த்தக நாட்களின் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. விக்ஸ் 16 என்றால் ஒரு நாளுக்கு 1 சதவீதம். நிஃப்டி 25,000-ல் இருந்தால் மூன்றில் இரண்டு நாட்கள் 250 புள்ளிகளுக்குள் நகர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே ஒரு அறிவிப்பு நாளின் ஆட்டம் 30 நாளில் கரைந்துவிடுகிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வார ஆப்ஷனைப் பயன்படுத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு, வியாழன் மாலை கணக்குப் போடுகிறோம், செவ்வாய் எக்ஸ்பயரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள வர்த்தக நாட்கள் மூன்று: வெள்ளி, திங்கள், செவ்வாய். நிஃப்டி 25,000. சந்தை விலையை ஒட்டிய ஸ்ட்ரைக்கின் (ஒப்பந்தத்தில் குறித்த விலை) உள்ளுறை ஏற்ற இறக்கம், அதாவது ஆப்ஷன்களின் விலைப் பட்டியலான ஆப்ஷன் செயினில் ஐவி என்று காட்டும் எண், 15 சதவீதம். அறிவிப்பு எதுவும் இல்லாத சாதாரண வாரத்தில் அது 11 சதவீதம்.

முதலில் 15-ஐ 252-இன் வர்க்கமூலமான 15.87-ஆல் வகுத்தால் 0.945. அதன் வர்க்கம் 0.893. மூன்று நாளுக்கு 2.68.

சாதாரண நாளுக்கு 11-ஐ 15.87-ஆல் வகுத்தால் 0.693. வர்க்கம் 0.48. திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கு 0.96.

2.68-லிருந்து 0.96-ஐக் கழித்தால் 1.72. இதன் வர்க்கமூலம் 1.31. அதாவது வெள்ளிக்கிழமை ஒரு நாளுக்கு மட்டும் சந்தை வைத்திருக்கும் விலை 1.31 சதவீதம், ஏறத்தாழ 328 புள்ளிகள். சாதாரண நாளின் 173 புள்ளிகளோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதே அறிவிப்பு நாளை 21 வர்த்தக நாட்களில் பரப்பினால் விக்ஸ் 11-லிருந்து சுமார் 11.7-க்குத்தான் ஏறும். வார ஆப்ஷன் 15 என்று காட்டும்போது விக்ஸ் 12-ஐக்கூடத் தொடாது. விக்ஸ் அமைதியாக இருக்கிறதே, அறிவிப்பில் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

இது சந்தையின் கணிப்பு. கடந்த காலம் என்ன சொல்கிறது என்பதை நீங்களே ஓர் எக்செல் தாளில் எடுக்கலாம். கடைசி 12 அறிவிப்பு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடம், ஐந்து நிமிட மெழுகுவர்த்தி (வரைபடத்தில் அந்த நேரத்தின் விலை நகர்வைக் காட்டும் கட்டம்) என்றால் 75. ஒவ்வொன்றின் சதவீத மாற்றத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அன்றைய உண்மையான ஏற்ற இறக்கம் கிடைக்கும். அதே வாரத்தின் மற்ற நாட்களுக்கும் அதையே செய்து ஒப்பிடுங்கள். கூடவே 9.55 முதல் 10.30 வரையிலான உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையில் போடுங்கள். நிஃப்டி, பேங்க் நிஃப்டி இரண்டுக்கும் எடுங்கள், ஏனென்றால் வங்கிப் பங்குகள்தான் முதல் அடியை வாங்கும்.

உங்கள் 12 நாள் சராசரி 0.9 சதவீதமாக இருந்து, சந்தை 1.31 என்று விலை வைத்திருந்தால், ஆப்ஷன் விலை ஏறியிருக்கிறது என்று பொருள். உடனே விற்கக் கிளம்பிவிட வேண்டாம். பன்னிரண்டு நாள் என்பது சிறிய எண்ணிக்கை. அதில், முன்னறிவிப்பின்றி வட்டி ஏறிய 2022 மே 4 போன்ற ஒரு நாள் இல்லாமல் போயிருக்கலாம்.

படி 4: ஆப்ஷன் விலை ஏன் சட்டென்று வற்றுகிறது

மேலே உள்ள எண்களையே தொடர்வோம். கணக்குகள் தோராயமானவை, வட்டியையும் கட்டணங்களையும் சேர்க்கவில்லை. வியாழன் மாலை 25,000 கால் (வாங்கும் உரிமை) விலை சுமார் 163 ரூபாய், அதே ஸ்ட்ரைக் புட்டும் (விற்கும் உரிமை) அவ்வளவே. இரண்டையும் சேர்த்த ஸ்ட்ராடில் 326.

வெள்ளி மாலை அறிவிப்பு முடிந்துவிட்டது. மீதம் இரண்டு நாள், ஏற்ற இறக்கம் 11-க்குத் திரும்பிவிட்டது. நிஃப்டி அதே 25,000-ல் நின்றால் கால் 98 ரூபாய்க்கு வந்துவிடும். ஒரு யூனிட்டுக்கு 65 ரூபாய் நட்டம். லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தில் உள்ள யூனிட்டுகள், 65 என்று கொண்டால் 4,225 ரூபாய். லாட் அளவு அவ்வப்போது மாறும் என்பதால் ஒப்பந்த விவரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். நிஃப்டி 100 புள்ளி ஏறி 25,100-ல் முடிகிறது. திசையைச் சரியாகக் கணித்தவர் கையில் அந்தக் கால் எவ்வளவு? சுமார் 156 ரூபாய். 163 கொடுத்து வாங்கியவருக்குச் சந்தை 100 புள்ளி ஏறியும் 7 ரூபாய் நட்டம். கிட்டத்தட்ட 110 புள்ளிக்கு மேல் ஏறினால்தான் லாபமே தொடங்குகிறது. புதிதாக வருபவர்கள் தரகு நிறுவனத்தையும் செயலியையும் சந்தேகப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்கள் கொடுத்த விலையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அறிவிப்பு நாளின் பதற்றத்துக்குக் கொடுத்தது. பதற்றம் தீர்ந்ததும் அது போய்விட்டது.

ஏற்றத்தை நம்பியே ஆக வேண்டும் என்றால் ஸ்ப்ரெட் நல்லது. 25,000 கால் 163-க்கு வாங்கி, 25,300 கால் 55-க்கு விற்றால் நிகரச் செலவு 108. நிஃப்டி நகராமல் நின்றால் வெள்ளி மாலை இதன் மதிப்பு சுமார் 85. நட்டம் 23 மட்டும், ஏனென்றால் விற்ற காலும் சேர்ந்தே வற்றுகிறது. தனிக் கால் வாங்கியவருக்கு 65 போன இடத்தில் இவருக்கு 23. பதிலுக்கு, 25,300-க்கு மேலான லாபத்தை விட்டுக்கொடுக்கிறார். சரியான பரிமாற்றம்தான்.

படி 5: எவ்வளவு பணத்தை ஆபத்தில் வைப்பது

மூலதனம் 5 லட்சம், ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்ற விதி வைத்திருக்கிறீர்கள். எதிர்பார்க்கும் நகர்வு 328 புள்ளி. ஒரு லாட் ஃபியூச்சரில் (பின்தேதியில் வாங்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) அது 21,320 ரூபாய். உங்கள் விதியின்படி ஒரு லாட் ஃபியூச்சர்கூட எடுக்க முடியாது. ஸ்ப்ரெட்டின் அதிகபட்ச நட்டம் 108-ஐ 65-ஆல் பெருக்கினால் 7,020. அதுவும் சற்றுக் கூடுதல். ஸ்ட்ரைக்குகளை நெருக்கி, நிகரச் செலவு 75-க்குள் வரும்படி அமைக்கலாம். இல்லையென்றால் அன்று ஒதுங்கி இருக்கலாம்.

ஒதுங்கி இருப்பதை நான் அழுத்தியே சொல்வேன். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அறிவிப்பு நாளின் முதல் பத்து நிமிடங்கள் இந்த வர்த்தகத்தின் மிகக் கடினமான பத்து நிமிடங்கள்.

விலை ஓர் அளவுக்கு இறங்கினால் தானே விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டரை நம்பி அளவைக் கூட்டுவது இன்னொரு பொறி. தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களுக்கு ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது, குறித்த விலைக்குக் கீழே விற்காத லிமிட் வகை மட்டும். 163-க்கு வாங்கி, 130-ல் தூண்டு விலை, 128-ல் லிமிட் போட்டிருக்கிறீர்கள். 10 மணி கடந்து சில நொடியில் விலை 134-லிருந்து நேராக 119-க்குத் தாவினால் ஆர்டர் தூண்டப்படும், ஆனால் 128-க்கு வாங்க ஆள் இருக்காது. ஆர்டர் அப்படியே தொங்கும், விலை கீழே போய்க்கொண்டே இருக்கும். தூண்டு விலைக்கும் லிமிட்டுக்கும் இடையில் சாதாரண நாளைப்போல 2 ரூபாய் விடாமல் 12, 15 ரூபாய் விடுங்கள்.

அறிவிப்புக்கு முந்தைய நிமிடங்களில் ஆர்டர் புத்தகத்தையும் கவனியுங்கள். எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை தரும் பெரிய சந்தை உருவாக்குநர்கள் தங்கள் விலைகளைத் திரும்பப் பெறுவார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே 50 பைசாவாக இருந்த இடைவெளி 3, 4 ரூபாய் ஆகலாம். சந்தை விலையிலிருந்து தள்ளிய ஸ்ட்ரைக்குகளில் இன்னும் மோசம். நிலையைக் குறைக்க நினைத்தால் 9.45-க்குள் குறைத்துவிடுங்கள்.

படி 6: 10 மணிக்குப் பிறகு எதை எந்த வரிசையில் படிப்பது

அன்று ரிசர்வ் வங்கியின் தளத்தில் மூன்று ஆவணங்கள் வரும்: ஆளுநரின் அறிக்கை, பணக்கொள்கைக் குழுவின் தீர்மானம், வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைக் கொள்கைகள் குறித்த அறிக்கை. மூன்றாவதைப் பலர் திறப்பதே இல்லை. தனிப் பங்குகளைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் அடிக்கடி அதில்தான் இருக்கும்.

வட்டி முடிவு பேச்சின் முதல் வாக்கியத்தில் வராது, சில நிமிடம் பொறுக்க வேண்டும். அது வந்த நொடியில் கணினி நிரல்கள் வாங்கி விற்று முடித்துவிடும். அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்க முடியாது, தேவையும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு வருபவை.

முதலில் வாக்குப் பிரிவு. ஆறு பேரும் ஒரே பக்கம் என்றால் அடுத்த கூட்டத்திலும் திருப்பம் வர வாய்ப்பு குறைவு. நாலுக்கு இரண்டு என்றால் குழுவுக்குள் எதிர்க்குரல் வளர்கிறது, அடுத்த இரண்டு மாதமும் ஊகம் தொடரும்.

பிறகு நிலைப்பாடு. தளர்வானதா, நடுநிலையா, தளர்வைத் திரும்பப் பெறுவதா? அடுத்த சில கூட்டங்களின் திசை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 2017 பிப்ரவரி 8 அன்று வட்டி மாறவில்லை, நிலைப்பாடு மட்டும் தளர்விலிருந்து நடுநிலைக்குப் போனது. பத்தாண்டு அரசுக் கடன்பத்திரத்தின் வருவாய் ஒரே நாளில் சுமார் 30 அடிப்படைப் புள்ளிகள் எகிறியது. வருவாய் ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். வட்டி மாறாத நாளில் கடன்பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு பெரிய அடி.

மூன்றாவது பணப்புழக்கம்: ரொக்கக் கையிருப்பு விகிதம், கடன்பத்திரக் கொள்முதல், டாலர் ஸ்வாப் (டாலரை வாங்கி, பின்னால் திருப்பி விற்கும் ஒப்பந்தம்). கையிருப்பாக வைக்கும் பணத்துக்கு வட்டி இல்லாததால், அதில் செய்யும் மாற்றம் நேராக வங்கிகளின் லாபத்தைத் தொடும்.

நான்காவது பணவீக்க, வளர்ச்சிக் கணிப்புகளில் மாற்றம். பணவீக்கக் கணிப்பு 4.0-லிருந்து 3.7 ஆனால் இன்னும் குறைக்க இடம் உண்டு என்று பொருள். வளர்ச்சிக் கணிப்பும் சேர்ந்தே இறங்கினால் வட்டிக் குறைப்பின் மகிழ்ச்சி நீடிக்காது, கம்பெனிகளின் வருமானக் கணக்கு கீழே வரும்.

இவை எல்லாம் ஒரே நாளில் வந்தது 2025 ஜூன் 6 அன்று. சந்தையில் பெரும்பாலானோர் எதிர்பார்த்தது 25 புள்ளிக் குறைப்பு. வந்தது 50, ரெப்போ 5.50 ஆனது. வாக்கு ஐந்துக்கு ஒன்று. ரொக்கக் கையிருப்பு விகிதம் நான்கு தவணையாக 4-லிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கும் என்றார் ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. வங்கிகள் கையில் 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுபடும். பங்குச்சந்தை பாய்ந்தது. சென்செக்ஸ் 747 புள்ளி ஏறி 82,189-ல் முடிந்தது, நிஃப்டி 25,000-க்கு மேல் முடிந்தது, பேங்க் நிஃப்டி புதிய உச்சம் தொட்டது. ஆனால் அதே அறிக்கையில் நிலைப்பாடு தளர்விலிருந்து நடுநிலைக்கு மாறியிருந்தது. பத்தாண்டுக் கடன்பத்திர வருவாய் முதலில் இறங்கி, பிறகு திரும்பி ஏறியது. இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்பதைக் கடன் சந்தை அன்றே எழுதிவிட்டது.

அதனால் அறிவிப்பு நாளில் பத்தாண்டுக் கடன்பத்திர வருவாயையும் ரூபாய் மதிப்பையும் எப்போதும் பக்கத்தில் திறந்து வையுங்கள். பங்கு ஏறி, வருவாய் இறங்கினால் இரண்டும் ஒரே கதை சொல்கின்றன, நகர்வு நிலைக்க வாய்ப்பு உண்டு. பங்கு ஏறி, வருவாயும் ஏறினால் 10.30 வரை எதிலும் கை வைக்காதீர்கள். முதல் நகர்வு முழுதாகத் திரும்பும் நாட்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

எந்தப் பங்கு எப்படி ஆடும்

வட்டி குறைந்தால் வங்கிகளுக்கு நல்லது என்பது பாதி உண்மை. 2019 அக்டோபர் 1 முதல் புதிய வீட்டுக்கடன் போன்ற மாறும் வட்டிச் சில்லறைக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவைத் தேர்ந்தெடுத்தன. ரெப்போ இறங்கினால் மூன்று மாதத்துக்குள் அந்தக் கடன்களின் வட்டி இறங்கிவிடும். ஆனால் ஏற்கெனவே வாங்கிய டெபாசிட்டுக்கு முதிர்வு வரை பழைய வட்டியே கொடுக்க வேண்டும். இரண்டு, மூன்று காலாண்டுக்கு வட்டி வரம்பு, அதாவது வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசம், சுருங்கும். ரெப்போவோடு இணைந்த கடன் அதிகமுள்ள வங்கிக்கு வலி கூடுதல். அரசுக் கடன்பத்திரம் நிறைய வைத்திருக்கும் வங்கிக்கு அதன் விலை ஏற்றம் கொஞ்சம் ஈடுகட்டும்.

வாகனக் கடன் நிறுவனங்களின் நிலை இதற்கு நேரெதிர். சென்னையில் பதிவு அலுவலகம் கொண்ட சோழமண்டலம், ஸ்ரீராம், சுந்தரம் போன்றவை கொடுக்கும் லாரி, கார் கடன்களில் பெரும்பகுதி நிலையான வட்டி. அவை வங்கிகளிடம் வாங்கும் கடனின் வட்டி இறங்கும்போது கொடுத்த கடனின் வட்டி அப்படியே நிற்கும். வட்டி இறங்கும் காலத்தில் வங்கிகளைவிட இவை முந்துவதும், ஏறும் காலத்தில் முதலில் அடிவாங்குவதும் இதனால்தான்.

ஐடி, மருந்துக் கம்பெனிகளை ரிசர்வ் வங்கியைவிட அமெரிக்க ஃபெட்தான் அதிகம் அசைக்கும்.

தேதி சொல்லாமல் வரும் அறிவிப்பு

2022 மே 4, புதன்கிழமை. கூட்டம் எதுவும் காலண்டரில் இல்லை. மதியம் 2 மணிக்கு அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் பேசுவார் என்று சற்று முன்புதான் தகவல் வந்தது. ரெப்போ 40 புள்ளி ஏறி 4.40, ரொக்கக் கையிருப்பு 50 புள்ளி ஏறி 4.50. வங்கிகளிடமிருந்து 87,000 கோடி ரூபாய் உறிஞ்சப்படும். ஒன்றரை மணி நேர வர்த்தகம் மீதமிருந்தது. சென்செக்ஸ் 1,307 புள்ளி, 2.29 சதவீதம் இறங்கி முடிந்தது. நிஃப்டி 391 புள்ளி சரிந்தது.

அப்போது வார எக்ஸ்பயரி வியாழக்கிழமை. புதன் மதியம் ஒரு நாள் ஆயுள் மிச்சமிருந்த, சந்தை விலைக்குக் கீழே தள்ளியிருந்த புட்களைச் சில ரூபாய்க்கு விற்று வைத்திருந்தவர்களுக்கு அவை பல மடங்காக எகிறின. எக்ஸ்பயரிக்கு முந்தைய நாளில் ஆப்ஷன் விலை சந்தையின் நகர்வுக்கு மிக வேகமாகப் பதில் சொல்லும். விற்றவர் ஓடி மூடுவதற்குள் பிணையாகக் கட்டிய மார்ஜின் தீர்ந்துவிடும். இதற்குக் கணிப்பு உதவாது. ஆப்ஷன் விற்பவர் எந்த நாளிலும் தள்ளிய ஸ்ட்ரைக் ஒன்றை வாங்கி வைத்து நட்டத்துக்கு எல்லை போட்டிருக்க வேண்டும், காலண்டர் காலியாக இருக்கும் நாளிலும்கூட.

சந்தை நேரத்துக்குப் பிறகு வரும் சுற்றறிக்கைகளும் இதே வகை. 2023 நவம்பர் 16 மாலை, அடமானமில்லாத நுகர்வோர் கடன்களுக்கான ஆபத்து எடை (கடனுக்கு எதிராக ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கணக்கிடும் அளவு) 100-லிருந்து 125 சதவீதமாக்கப்பட்டது. மறுநாள் வங்கி, கடன் அட்டை, நிதி நிறுவனப் பங்குகள் இறக்கத்திலேயே திறந்தன. இரவில் வரும் செய்திக்கு ஸ்டாப் லாஸ் காவல் இல்லை.

வெளிநாட்டு மத்திய வங்கிகள்

ஃபெட் ஆண்டுக்கு எட்டு முறை, பெரும்பாலும் புதன்கிழமை முடிவைச் சொல்கிறது. நம் நேரப்படி மார்ச் நடுப்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை இரவு 11.30, மற்ற மாதங்களில் 12.30. செய்தியாளர் சந்திப்பு அரைமணி கழித்து. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் நடக்கும் நிஃப்டி ஃபியூச்சரான கிஃப்ட் நிஃப்டி இரவு 2.45 வரை நடப்பதால் முதல் எதிர்வினையை அதில் பார்க்கலாம். வியாழன் காலை 9.15-க்குச் சந்தை திறக்கும்போது பாதி நகர்வு ஏற்கெனவே முடிந்திருக்கும்.

ஜப்பானை யாரும் காலண்டரில் குறிப்பதில்லை. 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. மலிவான யென்னில் கடன் வாங்கி உலகெங்கும் முதலீடு செய்திருந்தவர்கள் கடனைத் திருப்ப ஓடினார்கள். ஆகஸ்ட் 2-ல் அமெரிக்க வேலைவாய்ப்பு எண்களும் மோசமாக வந்தன. ஆகஸ்ட் 5, திங்கள்: ஜப்பானின் நிக்கேய் குறியீடு 12.4 சதவீதம் வீழ்ந்தது, சென்செக்ஸ் 2,222 புள்ளி இழந்தது. அறிவிப்புக்கும் அடிக்கும் நடுவில் ஐந்து நாள். வட்டி ஏற்றம் சிறியதுதான், ஆனால் அதன்மேல் கட்டியிருந்த கடன் பெரியது.

எஃப் அண்ட் ஓ பக்கம் போகாத முதலீட்டாளருக்கு

மாதாமாதம் முதலீடு செய்யும் எஸ்ஐபி தேதியை அறிவிப்புக்காக மாற்ற வேண்டாம். ஆண்டுக்கு ஆறு நாள் ஆட்டம் பதினைந்து ஆண்டு முதலீட்டில் தெரியாது. மொத்தப் பணத்தை ஒரே தடவையில் போட வேண்டியிருந்தால் மட்டும், பாதியை அறிவிப்புக்கு முன்னும் பாதியைச் செய்தியாளர் சந்திப்பு முடிந்த மறுநாளும் போடலாம்.

கடன் ஃபண்ட் வைத்திருப்பவர்கள்தான் உண்மையில் இந்த நாட்களைக் கவனிக்க வேண்டும். மாதாந்திர அறிக்கையில் ஃபண்டின் மாற்றியமைத்த டியூரேஷன் எத்தனை ஆண்டு என்று இருக்கும். அது 7 என்றால், வருவாய் 0.25 சதவீதம் ஏறினால் ஃபண்ட் யூனிட்டின் மதிப்பான என்ஏவி சுமார் 1.75 சதவீதம் இறங்கும், 0.25 இறங்கினால் அவ்வளவு ஏறும். ஓராண்டில் தேவைப்படும் பணம் இப்படிப்பட்ட ஃபண்டில் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன் லிக்விட் ஃபண்டுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் வெளியேறும் கட்டணமும் வரியும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு முடிந்த மாலை

முந்தைய இரவு எழுதிய மூன்று வரியை எடுத்து, பக்கத்தில் வந்ததை எழுதுங்கள். வட்டி, நிலைப்பாடு, பணப்புழக்கம் மூன்றிலும் இடைவெளி எவ்வளவு? பேங்க் நிஃப்டி, பத்தாண்டு வருவாய், வார ஆப்ஷனின் ஐவி மூன்றும் 9.55-க்கும், 10.30-க்கும், 12.45-க்கும், 3.30-க்கும் எங்கே இருந்தன என்று நான்கு நெடுவரிசை போடுங்கள். பதினான்காம் நாள் கூட்டக் குறிப்பு வந்ததும், ஒவ்வொரு உறுப்பினரும் சொன்ன காரணத்தில் ஒரு வரி சேருங்கள். எதிர்த்து வாக்களித்தவரின் காரணத்தை முழுதாகப் படியுங்கள். ஆறு கூட்டம், ஓராண்டு. அடுத்த ஆண்டின் தேதிகள் வெளியாகும்போது படி 2-இன் மூன்று வரியை நிரப்ப உங்கள் கையில் சொந்த எண்கள் இருக்கும்.